கைப்பிடி உடைந்தால் கதவையே மாற்றவேண்டுமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் அண்மைய ஆண்டுகளில் எழுந்த வீடுகளில் முதிரை, வேம்பு, தேக்கு ஆகிய மரக் கதவுகளின் இடத்தை அலுமினியமும், யு.பி.வி.சி. எனப்படும் கடினப் பிளாஸ்ரிக் சட்டங்களும் மெல்ல மெல்லப் பிடித்து வருகின்றன. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் கட்டப்படும் வீடுகள் சிலவற்றிலும், குளிரூட்டி பொருத்திய விடுதிகளிலும் இரட்டைக் கண்ணாடி இட்ட கதவு யன்னல்களை இப்போது காணமுடிகிறது. இவற்றின் அழகையோ பயனையோ குறைகூறுவது என் நோக்கமன்று. இவற்றின் பூட்டோ கைப்பிடியோ பழுதடைந்தால், "இதைத் திருத்த ஏலாது, முழுக் கதவையும் மாற்றவேண்டும்" என்று பார்க்க வருபவர் சொல்லிவிட்டுப் போவதும், வீட்டுக்காரரும் வேறு வழி தெரியாமல் பெருந்தொகையைச் செலவிடுவதும் வழக்கமாகி வருவது குறித்தே இதனை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு முன்கதவின் கைப்பிடி தளர்ந்து தொங்கத் தொடங்கியபோது அதைப் பொருத்திய வேலைத்தளத்தினர் சொன்னதும் இதுவேதான். அந்த மாதிரி இப்போது வருவதில்லை என்றும், சட்டம், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாகப் போடவேண்டும் என்றும் கூறி விலையையும் எழுதித் தந்தார்கள். பின்னர் கழற்றிப் பார்த்ததில் உடைந்திருந்தது கைப்பிடிக்குள் இருந்த ஒரு சுருள்வில் மட்டுமே. அவர்களை மோசடிக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். புதுக் கதவு செய்யத் தெரிந்தவர்களுக்குப் பழைய பூட்டைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் இல்லை. கழற்றினாலும் மாற்றிப் போடுவதற்கு உதிரிப்பாகம் கையில் இல்லை.

இக்கதவுகளின் பூட்டு, மரக்கதவுப் பூட்டைப்போல ஒரேயிடத்தில் நாக்கை நீட்டுவதன்று. கதவின் விளிம்பில் மேலிருந்து கீழ்வரை ஓர் உலோகப் பட்டி ஓடுகிறது. கைப்பிடியை மேலே உயர்த்தும்போது அந்தப் பட்டியிலுள்ள கொக்கிகளும் உருளைகளும் மேலும் நடுவும் கீழுமாகப் பல இடங்களில் ஒரே நேரத்தில் நிலையிலுள்ள தகடுகளுக்குள் சென்று மாட்டிக்கொள்கின்றன. பட்டியின் நடுவில், கைப்பிடிக்குப் பின்னால், கியர் பொக்ஸ் எனப்படும் சிறு பெட்டி இருக்கிறது. அதற்குக் கீழே திறப்புப் போடும் சிலிண்டர் இருக்கிறது. கைப்பிடி, சிலிண்டர், நிலைத் தகடு ஆகியவை தனித்தனியே கழற்றி மாற்றத்தக்கவை. பல தயாரிப்புகளில் கியர் பொக்ஸையும் பட்டியிலிருந்து பிரித்து மாற்றலாம். முடியாத இடத்தில் பட்டியை மாற்றலாம். இவற்றில் எது பழுதானாலும் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் அதனோடு எந்தச் சம்பந்தமும் கிடையாது.

பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கதவைத் திறந்து வைத்தபடியே கைப்பிடியை உயர்த்தித் திறப்பைத் திருப்பிப் பார்க்கவேண்டும் (கொக்கிகள் வெளியே நீட்டியிருக்கும்போது காற்று கதவை அடித்துச் சாத்திவிடாமல் ஒருவர் பிடித்திருப்பது நல்லது). திறந்த நிலையில் எல்லாம் இலகுவாக இயங்கி, சாத்திய பின்னர் மட்டும் இறுகினால் பூட்டில் குறையில்லை. கதவு இறங்கியோ விலகியோ நிலைத் தகட்டோடு பொருந்தாமல் நிற்கிறது என்பதே பொருள். திறந்த நிலையிலும் கைப்பிடி இறுகினால் கியர் பொக்ஸைச் சந்தேகிக்கவேண்டும். கைப்பிடி தானாக மேலெழாமல் தொங்கினால் வில் போயிருக்கும். கைப்பிடி நன்றாக இயங்கித் திறப்பு மட்டும் திரும்பாவிட்டால் சிலிண்டரைப் பார்க்கவேண்டும்.

எங்கள் பகுதியில் நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை. அதற்கான காரணங்களும் விளங்காதவையல்ல. ஒரு சதுர மீற்றர் கண்ணாடி ஒவ்வொரு மில்லிமீற்றர் தடிப்புக்கும் இரண்டரைக் கிலோ எடையுள்ளது. ஐந்து மில்லிமீற்றர்க் கண்ணாடி இரண்டு பொருத்திய கதவில் ஒன்றரைச் சதுர மீற்றர்ப் பரப்பு இருந்தால் கண்ணாடி மட்டுமே 37 கிலோவுக்கு மேல் வரும். அந்தப் பாரம் முழுவதையும் பிணைச்சல்கள் தாங்கவேண்டும். வெயிலில் சட்டமும் நீளும், யு.பி.வி.சி. அலுமினியத்தைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்று மடங்கு நீளும் தன்மையுள்ளது. உள்ளே உருக்குச் சட்டம் வைத்து அதைக் கட்டுப்படுத்தாவிட்டால் இரண்டு மீற்றர் உயரமான கதவு 20 பாகை வெப்ப உயர்வில் ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் நீண்டுவிடும். மேற்குப் பார்த்த வாசலில் பின்னேரம் பூட்ட மறுக்கும் கதவு விடியற்காலையில் எந்தத் தடையுமின்றிப் பூட்டுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். அது தெரியாமல் கைப்பிடியைப் பலங்கொண்டு இழுத்து உயர்த்துகிறோம். சிறிய விலகலாகத் தொடங்கிய குறை, நாளடைவில் கியர் பொக்ஸ் உடைவதில் வந்து முடிகிறது.

இறங்கிய கதவைச் சரிசெய்வதற்குப் பிணைச்சல்களிலேயே வழி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றின் மூடியைக் கழற்றினால் அலன் கீ எனப்படும் அறுகோண முனைச் சாவி போடும் துவாரங்கள் தெரியும். ஒன்று கதவை மேலும் கீழும் நகர்த்தும், மற்றொன்று பக்கவாட்டில் நகர்த்தும். அதற்கும் சரிவராவிட்டால் கண்ணாடியைச் சுற்றியுள்ள பட்டிகளைக் கழற்றி, கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் இடையில் வைக்கும் சிறு பிளாஸ்ரிக் தகடுகளைத் திரும்ப வைக்கவேண்டும். பிணைச்சல் பக்கத்தின் கீழ் மூலையிலும் பூட்டுப் பக்கத்தின் மேல் மூலையிலும் அவை இறுக்கமாக அமர்ந்தால், கண்ணாடியே குறுக்குத் தாங்கியாக நின்று இறங்கிய மூலையைத் தூக்கிப் பிடிக்கும். கதவு பொருத்தும் தொழிலின் அடிப்படைப் பாடம் இது. இங்கோ நிலைத் தகட்டை அரத்தால் ராவுகிறார்கள், அல்லது உள்ளே ஒரு திறாங்கை வைத்து ஸ்குறூ ஆணி அடித்துவிடுகிறார்கள். மரக்கதவில் அது பாதகமில்லாத வேலை. உள்ளே வெற்றறைகளைக் கொண்ட சட்டத்தில் துளையிட்டால் மாரியில் தண்ணீர் இறங்கி உள்ளேயுள்ள உருக்குச் சட்டம் துருப்பிடிக்கும். உத்தரவாதம் ஏதேனும் இருந்திருந்தால் அதுவும் அந்தத் துளையோடு போய்விடக்கூடும்.

சிலிண்டர் மாற்றுவது இன்னும் இலகு. கதவைத் திறந்து, விளிம்பில் சிலிண்டருக்கு நேரே இருக்கும் நீண்ட ஸ்குறூ ஆணியைக் கழற்றி, திறப்பைப் போட்டுச் சற்றுத் திருப்பினால் உள்ளேயுள்ள நாக்கு ஒளிந்துகொள்ளும்; அப்போது சிலிண்டரை வெளியே இழுத்துவிடலாம். புதியதை வாங்கும்போது, அந்த ஆணித் துவாரத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்க முனைக்கும் உட்பக்க முனைக்கும் உள்ள நீளங்களைத் தனித்தனியே அளந்து செல்லவேண்டும். கைப்பிடித் தகட்டைத் தாண்டி மூன்று மில்லிமீற்றருக்கு மேல் அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. சிலிண்டர் மிகவும் மெலிந்திருப்பது அந்த ஆணித் துவாரம் இருக்கும் நடுப்பகுதியில்தான் என்பதால், நீட்டிய பகுதியைப் பிடித்து முறித்துவிட்டு உள்ளே நுழையும் திருட்டு பிரித்தானியாவில் பெருந்தொல்லையாகி, அதைத் தாங்கக்கூடிய சிலிண்டர்களுக்கென்று அங்கே தனியான தரக்குறியீடும் வந்துவிட்டது.

வெளிநாட்டுக் கதவுகளுக்கு இங்கே பொருள் கிடைக்காது என்ற பேச்சிலும் பாதிதான் உண்மை இருக்கிறது. இரட்டைக் கண்ணாடி யன்னல்களின் கைப்பிடியிலிருந்து பூட்டுக்குள் செல்லும் சதுரக் கம்பி பெரும்பாலும் ஏழு மில்லிமீற்றர். அக்கைப்பிடியைப் பொருத்தும் ஆணித் துவாரங்களுக்கிடையே 43 மில்லிமீற்றர். கதவுகளில் சதுரக் கம்பி பெரும்பாலும் எட்டு மில்லிமீற்றர்; கைப்பிடியின் நடுவிலிருந்து திறப்புத் துவாரத்தின் நடு வரை 92 மில்லிமீற்றர் என்பது மிகப் பரவலான அளவு, 70, 85 ஆகியவையும் வருவதுண்டு. விளிம்புப் பட்டியின் அகலம் 16 அல்லது 20 மில்லிமீற்றர். பட்டியின் முகத்திலிருந்து கைப்பிடியின் நடு வரையுள்ள தூரத்தையும் அளந்து, பட்டியில் பொறித்துள்ள தயாரிப்பாளர் பெயரையும் இலக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டால், கொழும்பிலிருந்தோ, அடுத்த முறை ஊருக்கு வரும் உறவினர் மூலமோ சரியான பாகத்தை வருவித்துக்கொள்ளலாம்.

உப்புக்காற்றைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். குருநகர், பாசையூர், வல்வெட்டித்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை போன்ற இடங்களிலும் தீவுப் பகுதிகளிலும் சோளகம் வீசும் மாதங்களில் உப்பு, வீட்டின் ஒவ்வோர் உலோகப் பாகத்திலும் படிகிறது. பளபளப்பான முலாம் பூசிய கைப்பிடிகள் பல, துத்தநாகக் கலப்புலோகத்தில் வார்த்தவை. முலாமில் ஓர் ஊசித்துளை விழுந்தால் அடியிலிருந்து பொருக்குக் கிளம்பும். துருப்பிடிக்காத உருக்கிலும் 304 என்ற வகை கடலோரத்தில் பழுப்புப் பூக்கும். மொலிப்டினம் கலந்த 316 வகையே தாக்குப்பிடிக்கும். ஐரோப்பாவில் கதவு யன்னல் உலோகப் பாகங்களின் அரிப்புத் தாங்கும் திறனை அளக்க ஈ.என். 1670 என்ற தரநிர்ணயம் உண்டு. அதன் நான்காம் தரம் 240 மணித்தியாலமும் ஐந்தாம் தரம் 480 மணித்தியாலமும் உப்புத் தூவல் சோதனையைத் தாங்கவேண்டும். கடற்கரையோரம் வீடு கட்டுபவர் கைப்பிடியின் நிறத்தைக் கேட்பதற்கு முன்னர் இதைக் கேட்பது நல்லது.

பராமரிப்பில் நம்மவர் செய்யும் சில காரியங்களும் பூட்டைக் கெடுக்கின்றன. தேங்காய் எண்ணெயைத் திறப்புத் துவாரத்தில் விட்டால் சில நாட்களுக்கு இலகுவாகத்தான் இருக்கும். பிறகு வலிகாமத்துச் செம்மண் தூசி அதில் ஒட்டிக் களியாகிவிடும். சிலிண்டருக்குக் கிராபைற் தூள் போதும். அது கிடைக்காவிட்டால் பென்சில் கூரைத் திறப்பில் நன்றாகத் தேய்த்துப் போட்டு எடுக்கலாம். கொக்கிகளுக்கும் உருளைகளுக்கும் மெல்லிய மெசின் ஒயில் ஒரு துளி வீதம் போதுமானது. கதவைக் கழுவும்போது குழாய்த் தண்ணீரைப் பூட்டுக்கு நேரே பீய்ச்சி அடிப்பதும் கூடாது. எங்கள் கிணறுகளின் வன்னீர் காய்ந்தால் வெண்படிவம் உள்ளேயே தங்கிவிடும், சவர்த் தண்ணீர் உள்ள இடங்களில் கேடு இன்னும் அதிகம்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. பெரிய வீடுகள் பலவற்றில் இன்று வசிப்பவர்கள் வயோதிபத் தாய் தந்தையர் இருவர், அல்லது ஒருவர் மட்டுமே. இருபுறமும் திறப்புப் போட்டே திறக்கவேண்டிய சிலிண்டரைப் பொருத்தி, திறப்பைப் பத்திரமாக அலுமாரிக்குள் வைத்துவிட்டு உறங்குகிறார்கள். இரவில் தீப்பற்றினாலோ நெஞ்சுவலி வந்து அயலவரை அழைக்க நேர்ந்தாலோ வெளியேற வழியில்லை. கைப்பிடி இறுகிய கதவென்றால் நடுங்கும் கையால் அதை உயர்த்தவும் முடியாது. உட்பக்கம் திறப்புக்குப் பதிலாகக் கையால் திருகும் குமிழ் உள்ள சிலிண்டர்கள் அதே அளவுகளில் கிடைக்கின்றன. திறப்புத் துவாரத்துக்கு அருகில் கண்ணாடி உள்ள கதவில் அதை உடைத்துக் கைவிட்டுத் திறக்க இடமுண்டு என்ற அச்சம் நியாயமானதே. என்றாலும் முதியவர் தனியே உறங்கும் வீட்டில் நான் குமிழையே தேர்ந்தெடுப்பேன்.

விற்பவர்களின் பொறுப்பையும் பேசாமல் விட முடியாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், உத்தரவாதத்துக்கு இணங்காத பொருள் பற்றி அதிகார சபையிடம் எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. ஆனால் அந்த முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் செய்யப்படவேண்டும். சித்திரையில் பொருத்திய பூட்டின் குறை ஐப்பசி மழைக்குப் பிறகே வெளிப்படும் என்றால் அந்தக் காலம் போதாது. ஆகவே, பணம் கொடுக்கும்போதே பூட்டு, கைப்பிடி, பிணைச்சல் ஆகியவற்றுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், அவற்றின் தயாரிப்பாளர் யார், உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்பவற்றைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்கவேண்டும். கட்டட வேலை முழுவதையும் ஒரு கொந்தராத்துக்காரரிடம் ஒப்படைப்பவர்கள் இதை ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொள்ளலாம். 2022இல் டொலர் தட்டுப்பாடு வந்து இறக்குமதி நெருக்கடிப்பட்டபோது, ஒரு சிறு பாகம் கிடைக்காததால் கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருந்த வீட்டையும் நான் அறிவேன்.

அலுமினியப் பொருத்து வேலைக்குத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழோடு பயிற்சி அளிக்கும் நிறுவனங்கள், பழைய கதவின் பூட்டைக் கழற்றி அளந்து மாற்றுவதையும் இறங்கிய கதவை நிமிர்த்துவதையும் மாணவர்களுக்குத் தனியொரு செய்முறையாகவே கற்பிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இவ்வேலைக்குப் பெரிய முதலும் தேவையில்லை; அலன் கீகளும் ஓர் அளவுகோலும் சில ஸ்குறூ டிரைவர்களும் ஒரு மோட்டார் சைக்கிளும் இருந்தால் ஓர் இளைஞர் இதில் தொழில் தொடங்கலாம். ஸ்ரான்லி வீதியிலும் கஸ்தூரியார் வீதியிலும் உள்ள வணிகர்கள், புதுக் கைப்பிடிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைப்பதோடு நில்லாமல், 92 மில்லிமீற்றர் கியர் பொக்ஸ், கைப்பிடி வில், பரவலான நீளங்களில் குமிழ்ச் சிலிண்டர் ஆகியவற்றையும் தனித்தனியே விற்கும்படி இருப்பு வைக்க முன்வந்தால், பழுதுபார்க்க வருபவருக்கு "கிடைக்காது" என்று சொல்லும் நிலை பெருமளவு நீங்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
கொக்குவில் கிழக்கு.