மேசை போடுகிறீர்கள், ஆடவும் இடம் விடுங்கள்

கலைக் கண்காட்சிகளுக்குப் பணம் தரும் நிறுவனங்களின் விளம்பரப் பிரிவினருக்கும், அவர்களோடு சேர்ந்து நடத்தும் கலைக்கூட நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

ஓவியங்களுக்கு நடுவே டேபிள் டென்னிஸ் மேசை போடும் வழக்கத்தை நான் மனதார வரவேற்கிறேன். நமக்கெல்லாம் படம் எங்கே புரியப்போகிறது என்று வாசலிலேயே தயங்குபவர்கூட பந்துச் சத்தம் கேட்டால் உள்ளே எட்டிப் பார்ப்பார். முன்பின் தெரியாத இருவர் மட்டையை எடுத்துக்கொண்டு எதிரெதிரே நிற்பார்கள். இவ்வளவு நல்ல காரியத்தை அரைகுறையாகச் செய்துவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கலைக்கூடத்துக்குள் இந்த மேசை வந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 1970-ல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் பிராத்திஸ்லாவா நகரில் யூலியஸ் கோலர் என்ற கலைஞர் ஒரு கலைக்கூடத்தையே பிங்பாங் (டேபிள் டென்னிஸ்) கிளப்பாக மாற்றி, வந்தவர்களை ஆட அழைத்தார். சோவியத் படைகள் அந்த நாட்டுக்குள் நுழைந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. இருவருக்கும் ஒரே விதி, ஒரே அளவு இடம் என்று ஓர் ஆட்டம் நடப்பதே அந்தச் சூழலில் ஒரு பெரிய செய்தியைச் சொல்வதுதான். 1998-ல் மெக்சிகோ கலைஞர் காப்ரியேல் ஒரோஸ்கோ நான்கு அரை மேசைகளை நாலாபுறமும் வைத்து, வலை இருக்கவேண்டிய நடுவிடத்தில் அல்லிக் குளம் ஒன்றை வைத்தார். நான்கு பேர் ஆடலாம். விதியை அவர்களே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டிலுமே யாராவது ஆடினால்தான் படைப்பு.

இப்போது ஸ்பான்சர் கண்காட்சிகளில் பல மேசைகள் செல்பி எடுக்க மட்டுமே உதவுகின்றன. மேசையின் நீளம் 2.74 மீட்டர், அகலம் 1.525 மீட்டர். அதை மட்டும் அளந்து இடம் ஒதுக்கினால், ஆடுபவர் பின்னால் ஓரடி வைத்ததும் முதுகு சுவரில் முட்டும். இன்னொன்று, மேற்பரப்பு முழுக்க வெள்ளையில் அச்சடித்த பிராண்ட் பெயர். வெள்ளைப் பந்து அந்த எழுத்தின் மேல் வரும் கணத்தில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. போட்டி மேசை ஒரே அடர்நிறத்தில், பளபளப்பின்றி இருக்க வேண்டும் என்ற விதி சும்மா வந்ததில்லை. லோகோவைப் பக்க விளிம்பில் போடுங்கள், போதும்.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காகிதத்தில் வரைந்த ஓவியத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் பாதுகாப்பு என்பது அருங்காட்சியகங்களின் பொது வழக்கம். ஆட்டத்துக்கோ அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல் வேண்டும். இரண்டையும் ஒரே அறையில் வைத்தால் ஒன்று நீர்வண்ணம் வெளுக்கும், இல்லாவிட்டால் ஆடுபவர் இருட்டில் துழாவுவார். அப்புறம், பந்தைக் கண்டு பயப்பட வேண்டாம், அதன் எடை வெறும் 2.7 கிராம். அதைத் துரத்திப் பின்பக்கமாக ஓடிவரும் ஆளும் அவர் கையில் இருக்கும் மட்டையும்தான் சிற்பத்துக்கு ஆபத்து. அதனால் மேசைக்குத் தனி அறை கொடுங்கள். முடியாத இடத்தில் வெளிச்சத்தைத் தாங்கும் படைப்புகளை மட்டும் அங்கே வையுங்கள், அதுவும் தள்ளி. இதை ஓவியரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

ஓவியர் என்றதும் இன்னொன்று. மேசையிலோ மட்டையிலோ அவருடைய படத்தை அச்சடிப்பதானால் அதற்குத் தனி ஒப்பந்தமும் தனிப் பணமும் கொடுங்கள். பத்துப் பேர் பார்ப்பார்கள் என்பது கூலி ஆகாது.

சக்கர நாற்காலியில் வருபவரும் ஆட வேண்டும். மேசைக்கால்கள் முனையிலிருந்து குறைந்தது 40 சென்டிமீட்டர் உள்ளே இருந்தால் அவரால் நெருங்கி வர முடியும். மட்டை பிடிக்கத் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவரை நிறுத்துங்கள். பரிசுக் கூப்பன் தருவதற்கு முன் பெயர், போன் நம்பர் கேட்டு வரிசையில் நிற்க வைக்காதீர்கள்.

கண்காட்சி முடிந்ததும் மேசையைக் கிடங்கில் போட்டுவிடாமல் பக்கத்துப் பள்ளிக்கோ நூலகத்துக்கோ கொடுத்துவிடுங்கள். லோகோ விளிம்போடு இருந்தால் அப்படியே ஆடத் தொடங்கிவிடுவார்கள்.

அன்புடன்,
படம் பார்க்கவும் பந்தாடவும் வரும் ஒரு பார்வையாளர்