ஞாயிறு காலை: காற்றோட்டக் கருவி சுத்தம் செய்யும் வேலை

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 10 முதல் 1 மணி வரை, நம் கட்டடத்தின் வெப்பமீட்புக் காற்றோட்டக் கருவிகளை (வீட்டுக் காற்றை வெளியேற்றி, அதன் சூட்டை வைத்து வெளிக்காற்றை இதமாக்கி உள்ளே விடுபவை) சுத்தம் செய்ய மெக்கானிக் சேலத்திலிருந்து வருகிறார்.

1. 9.45-க்குள் கருவியின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

2. கீழே ஒரு வாளி, பழைய துணி வையுங்கள். வடிகுழாயில் தேங்கிய நீர் கொட்டலாம்.

3. குளிருக்குப் பயந்து சிலர் காற்று வரும் துளையைத் துணியால் அடைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். வெளியே போகும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்று வாங்கிக்கொள்கிறது, இரண்டும் கலப்பதில்லை. அதற்காக இதை ஹீட்டர் என்று நினைக்க வேண்டாம். அடைத்தால் ஈரம் வீட்டுக்குள்ளேயே தங்கும். போன மழையில் என் அலமாரித் துணியெல்லாம் பூஞ்சை பூத்தது இப்படித்தான்!

4. ஃபில்டரை நீங்களே கழற்றித் தூசி தட்டலாம். உள்ளே இருக்கும் வெப்பமாற்றியை (காற்றின் சூடு கைமாறும் பகுதி) மட்டும் தொடாதீர்கள்.

5. வெளிச்சுவர் வலையில் குளவிக்கூடு இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

வெள்ளி இரவுக்குள் வீட்டு எண்ணோடு 'இருப்பேன்' அல்லது 'சாவி தருகிறேன்' என்று பதில் போடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு வருபவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்ப வேண்டாம்.