திருப்பதி போனால் விஞ்ஞானி இல்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ராக்கெட் கிளம்பும் முன்னால் இஸ்ரோக்காரர்கள் சின்ன மாதிரி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு திருமலைக்குப் போவதும், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ‘இவங்க எல்லாம் விஞ்ஞானிகளா?’ என்று நம் ஆட்கள் கிண்டலடிப்பதும் வாடிக்கையாகிவிட்டது. நான் கோயில் பக்கமே போகாத ஆள். சாமி உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனாலும் இந்தக் கிண்டலில் எனக்கு உடன்பாடு இல்லை.

2019-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சந்திரயான்-2 கிளம்பும் முன்பும் சாமி கும்பிட்டார்கள். ஜூலை 15 அதிகாலை, ஜனாதிபதியே ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வந்திருக்கிறார், கிளம்ப 56 நிமிடம்தான் பாக்கி, ராக்கெட்டில் கோளாறு என்று தெரிந்ததும் கவுண்ட்டவுனை நிறுத்திவிட்டார்கள். ‘ஏழுமலையான் பார்த்துக்குவான், ஏத்திவிடு’ என்று விட்டுவிடவில்லை. சரிசெய்து 22-ஆம் தேதி ஏவினார்கள், செப்டம்பரில், நிலவில் மெதுவாக இறங்க வேண்டிய கலமான லேண்டர் அதன் தரையில் மோதி நொறுங்கியது. அப்புறம் பரிகாரம் தேடியா ஓடினார்கள்? உட்கார்ந்து தரவுகளைத்தான் நோண்டினார்கள். என்ஜின்கள் கணக்குப் போட்டதைவிடக் கூடுதலாக உந்தியிருக்கின்றன, அந்தப் பிசகு சேர்ந்துகொண்டே போயிருக்கிறது, சட்டென்று திரும்பித் திருத்திக்கொள்ள லேண்டரால் முடியவில்லை, இறங்கக் குறித்த இடமோ அரை கிலோமீட்டருக்கு அரை கிலோமீட்டர்தான். அதனால் சந்திரயான்-3-ல் இடத்தை 4 கிலோமீட்டருக்குச் சுமார் இரண்டரை கிலோமீட்டர் என்று பெரிதாக்கி, கால்களைப் பலப்படுத்தி, எரிபொருளைக் கூட்டி, ஐந்து என்ஜினை நாலாக்கினார்கள். 2023 ஆகஸ்ட் 23-ல் பத்திரமாக இறங்கியது. இரண்டு தடவையும் கும்பிட்டுவிட்டுத்தான் போனார்கள், மாறியது இவ்வளவும்.

சாமிதான் அறிவைத் தருகிறது என்று எதிர்ப்பக்கத்தில் பேசுகிறவர்கள் உடனே ராமானுஜனை இழுத்துக்கொண்டு வருவார்கள், நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னாள் என்று. சொல்லிவிட்டுப் போகட்டும். அவரை ஆதரித்த இங்கிலாந்துக் கணித மேதை ஹார்டி கேட்டது நிரூபணம். பகா எண்களைப் பற்றி ராமானுஜன் எழுதி அனுப்பிய சூத்திரம் தப்பு என்று ஆனபோது தாயார் பெயரைச் சொல்லி அதை யாரும் காப்பாற்றவில்லை, சரியாக இருந்ததை எல்லாம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர் கடவுளே இல்லை என்ற அதே ஹார்டி. 1979 இயற்பியல் நோபலிலும் இதே கதைதான்: அப்துஸ் சலாம் மார்க்கப் பற்றுள்ளவர், ஸ்டீவன் வைன்பெர்க் பச்சை நாத்திகர், தனித்தனியாக யோசித்து இருவரும் ஒரே கோட்பாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. தனி ஆளாகப் போய்க் கும்பிட்டால் யாருக்கு என்ன, ஆனால் திட்டத்தின் மாதிரியோடு அலுவலகக் குழுவாகப் போகும்போது அது அந்த நிறுவனமே கும்பிடுகிற மாதிரி ஆகிவிடுகிறது. பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் போகிறவர்களும், என்னைப் போல எங்கேயும் போகாதவர்களும் அங்கே வேலை பார்க்கிறார்கள்.

இதைவிட மோசம் 2015-ல் மும்பையில் நடந்த இந்திய அறிவியல் மாநாடு. பழங்கால விமானம் என்று ஒரு கட்டுரையை அங்கே மேடையேற்றினார்கள். பழங்கால விமானங்களைப் பற்றியது என்று சொல்லப்படும் வைமானிக சாஸ்திரம் என்ற சமஸ்கிருத நூலில் உள்ள விமானங்கள் பறக்கவே பறக்காது என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் 1974-லேயே ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள், அதைப் படித்துப் பார்க்கக்கூட ஆளில்லை போலிருக்கிறது! நெற்றியில் இருக்கிற திருநீறு ஆராய்ச்சிக் கட்டுரையைக் கெடுக்காது, இந்த மாதிரிச் சமாச்சாரம் கெடுக்கும். கோபத்தை அங்கே காட்டலாம்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ராக்கெட் கிளம்பும்போது கோயில் வாசல் படத்தைத் தாராளமாகப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, போன தடவை எது பழுதானது, இந்தத் தடவை எதை மாற்றியிருக்கிறார்கள் என்று விவரம் தெரிந்த ஒருவரை வைத்து அரைப் பக்கமாவது எழுத வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி