ஜூலியட் ரோமியோவைத் தேடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாணவர் பக்கத்தில், ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ அண்ட் ஜூலியட்' நாடகத்தில் ஜூலியட் மாடத்தில் நின்று சொல்லும் புகழ்பெற்ற வரிக்கு "ரோமியோ, நீ எங்கே இருக்கிறாய்?" என்று பொருள் போட்டிருந்தீர்கள். அது தவறு. "நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய்?" என்றுதான் அவள் கேட்கிறாள். அந்த வரியில் வரும் 'வேர்ஃபோர்' என்ற ஆங்கிலச் சொல்லின் முன்பாதியைப் பார்த்ததும் 'எங்கே' என்று தோன்றிவிடுகிறது. 'தேர்ஃபோர்' என்றால் 'அதனால்' என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். அதன் கேள்வி வடிவம்தான் 'வேர்ஃபோர்', அதாவது 'எதனால்'.

ஒரு சொல்தானே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை, காட்சியே மாறிவிடுகிறது. கீழே தோட்டத்து இருட்டில் ரோமியோ நிற்பது ஜூலியட்டுக்குத் தெரியாது. அவள் அவனைக் கூப்பிடவும் இல்லை, தேடவும் இல்லை. போயும் போயும் பகையாளி வீட்டுப் பிள்ளையாக ஏன் இருக்கிறாய் என்று தனக்குள் புலம்புகிறாள். அடுத்த வரியிலேயே, உன் தகப்பனை மறுத்துவிடு, உன் பெயரை உதறிவிடு என்கிறாள். பெயரில் என்ன இருக்கிறது என்று எல்லாரும் எடுத்துச் சொல்லும் பேச்சும் அதைத் தொடர்ந்துதான் வருகிறது. 'எங்கே' என்று பொருள் கொண்டால், இவள் எதற்குத் திடீரென்று பெயரைப் பற்றிப் பேசுகிறாள் என்பது பிடிபடாது. உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு வந்த ஒரு மாணவி வகுப்பில் என்னிடம் கேட்டதும் இதைத்தான்.

இருபது ஆண்டுகளாக ஆங்கிலம் நடத்துகிறேன். பழைய இலக்கியத்தில் தெரியாத சொல் வந்தால் பிள்ளைகள் அகராதியைப் புரட்டிவிடுகிறார்கள், அதனால் அதில் எனக்குக் கவலை இல்லை. தெரிந்த சொல்தான் காலை வாரிவிடுகிறது. தெரியும் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள்.

'லெட்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்புச் சொல், 'விடு' என்று பொருள். ஷேக்ஸ்பியரின் 'ஹேம்லெட்' நாடகத்தில் தந்தையின் ஆவி கையசைத்துக் கூப்பிடும்போது, போகாதே என்று நண்பர்கள் இளவரசனைப் பிடித்து நிறுத்துகிறார்கள். அவன் திமிறிக்கொண்டு, என்னை 'லெட்' செய்கிறவனை நான் ஆவியாக்கிவிடுவேன் என்று கத்துகிறான். விடுகிறவனை ஏன் கொல்ல வேண்டும்? அங்கே அந்தச் சொல்லுக்குத் 'தடு' என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் 'விடு' ஒரு சொல், 'தடு' வேறு சொல். நாளடைவில் இரண்டும் ஒரே ஒலி, ஒரே எழுத்து என்று ஆகிவிட்டன. 'தடு' செத்துப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். வீட்டில் பாஸ்போர்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இதை வைத்திருப்பவரை எந்தத் தடையும் இடையூறும் இன்றிப் போகவிடுங்கள் என்று குடியரசுத் தலைவர் பெயரால் கேட்டுக்கொள்ளும் அந்த வாசகத்தில், 'தடை' என்பதற்கு இருக்கும் ஆங்கிலச் சொல் இதே 'லெட்'தான். நான் வகுப்புக்கு என் பாஸ்போர்ட்டையே கொண்டுபோய்க் காட்டினேன். பிள்ளைகள் எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்துப் பார்த்தார்கள்.

அப்புறம், 'பிரிவென்ட்'. 1611இல் வந்த ஆங்கில பைபிளில், தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதத்தின் நான்காம் அதிகாரத்தில், உயிரோடிருக்கும் நாம் நித்திரையடைந்தவர்களை, அதாவது இறந்தவர்களை, 'பிரிவென்ட்' செய்யமாட்டோம் என்று வருகிறது. தடுக்கமாட்டோம் என்று படித்தால் ஒன்றும் ஒட்டாது. என் மாமியார் தினமும் வாசிக்கும் தமிழ் வேதாகமத்தில் அதே வசனம் "முந்திக்கொள்வதில்லை" என்று நேராக இருக்கிறது. லத்தீன் மூலத்தில் அந்தச் சொல்லுக்கு 'முன்னால் வருதல்' என்றே பொருள். முன்னால் வந்து மறிப்பதிலிருந்துதான் 'தடுத்தல்' பிறந்தது. இருபத்துமூன்றாம் சங்கீதத்தின் முதல் வசனமும் அப்படித்தான். கர்த்தர் என் மேய்ப்பர், நான் 'வான்ட்' செய்யமாட்டேன் என்று ஆங்கிலத்தில் இருப்பதைப் பார்த்து 'மேய்ப்பர் எனக்கு வேண்டாம்' என்று புரிந்துகொண்ட பையனை எனக்குத் தெரியும். அன்று அதற்குக் 'குறைவுபடுதல்' என்று பொருள். தமிழில் "நான் தாழ்ச்சியடையேன்" என்பதில் குழப்பமே கிடையாது.

இன்னொன்று. 1813இல் வந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில், பாதிரியார் காலின்ஸ் தன்னை ஆதரிக்கும் சீமாட்டியின் 'கான்டிசென்ஷன்' பற்றி வாய் ஓயாமல் புகழ்கிறார். இன்று ஒருவரை அப்படிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள், எங்களை மட்டமாக நினைக்கிறார் என்று ஆகிவிடும். அன்று அது பாராட்டு. "அவ்வளவு பெரிய மனுஷர், இறங்கி வந்து பேசினார்" என்று நம் ஊரில் இன்றும் சொல்கிறோமே, அதேதான்.

ஆண்டாளின் "கருப்பூரம் நாறுமோ" என்ற அடியை அச்சிடும்போது, 'நாறுமோ' என்றால் 'மணக்குமோ' என்று கீழே ஒரு வரி போடாமல் விடுவோமா? அரும்பதவுரை எழுதுவதில் நமக்கு நெடிய பழக்கம் உண்டு. ஆங்கில வரிகளுக்கும் அதையே செய்யுங்கள். கடினமான சொல்லுக்கு மட்டும் வேண்டாம், அந்தக் காலத்தில் வேறு பொருளில் வழங்கிய எளிய சொல்லுக்கும் போடுங்கள். பக்கத்தின் அடியில் இரண்டு வரி இடம் போதும்.

ஜூலியட் வரிக்கு மட்டும் அடுத்த இதழிலேயே திருத்தம் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். என் பிள்ளைகளில் பலர் அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறார்கள்.

அன்புடன்,
ஓர் ஆங்கில ஆசிரியை,
திண்டுக்கல்