பெரியவரின் அலமாரியை ஒழிக்கப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மகன்களே, மகள்களே, பேரப்பிள்ளைகளே,

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் கிளம்பியாயிற்று, அடுத்து அலமாரியைத் திறப்பீர்கள். பத்திரம், வங்கிப் புத்தகம், நகை எல்லாம் எடுத்து வைத்தபின் மிச்சத்தைப் பழைய பேப்பர் என்று மூட்டை கட்டுவீர்கள். போனவர் காடு மேடு என்று சுற்றுவதிலேயே உயிராக இருந்தவர் என்றால், கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் அத்தை அப்படிப்பட்டவர். விடிவதற்குள் கிளம்பிவிடுவார், மழை தூறினால் இன்னும் சீக்கிரம். அவர் போனபின் வந்த இரங்கல் செய்திகளில் எல்லாம் 'இயற்கையை நேசித்தவர்' என்றே இருந்தது. தப்பில்லை, ஆனால் அந்த வரியை யார் படத்துக்குக் கீழே வேண்டுமானாலும் போடலாம். அத்தைக்கு எல்லாப் பறவையும் பிடிக்காது. காக்கையை மணிக்கணக்கில் ரசிப்பார், புறாவைக் கண்டால் முகம் சுளிப்பார். ஒரு மரத்தடிக்குப் போனால் முதலில் அண்ணாந்து பார்க்கமாட்டார், கீழே விழுந்து கிடப்பதைத்தான் குனிந்து பார்ப்பார், எந்தக் காயை அணில் கடித்தது, எதை வௌவால் கடித்தது என்று பல் பதிந்த இடத்தைக் காட்டிச் சொல்வார். இதையல்லவா எழுத வேண்டும்?

அவர் எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். சட்டைப்பை அளவு நோட்டுகள், ஈரத்தில் ஓரம் உப்பியவை. மழையில் மை கரையும் என்று எல்லாமே பென்சில். தேதி, இடம், 'முதல் குயில், இருட்டு விலகவில்லை', அவ்வளவுதான். அதற்குக் கீழே 'முழங்கால் வலி, பாதியில் திரும்பினேன்.' வீட்டில் ஒருவரிடமும் அவர் அந்த வலியைச் சொன்னதில்லை.

இந்த மாதிரிக் குறிப்பால் என்ன பயன் என்று கேட்பவர் வீட்டுக்கு ஒருவர் இருப்பார். அவருக்காகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-ல் தொடங்கி, வசந்தத்தின் அடையாளங்களை வருடாவருடம் தேதி போட்டுக் குறித்து வந்தார். எந்த மரம் எப்போது தளிர்த்தது, தவளை எப்போது கத்தியது, குயில் எப்போது கூவியது என்று மொத்தம் 27 அடையாளங்கள். 1797-ல் அவர் இறந்தபின், நடுவில் சில காலம் விட்டுப்போனாலும், குடும்பத்தார் 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள். வெப்பம் கூடக்கூடப் பூவும் பறவையும் எப்படி நாள் மாறுகின்றன என்று ஆராய்கிறவர்களுக்கு இன்று அது புதையல். அமெரிக்காவில் தோரோ என்ற எழுத்தாளர் 1850-களில் கான்கார்டு என்ற தன் ஊரில் குறித்த பூக்கும் தேதிகளை, ரிச்சர்ட் பிரைமாக் என்ற உயிரியலாளரின் குழு இன்றைய தேதிகளோடு ஒப்பிட்டுத்தான் பல பூக்கள் முந்திப் பூக்கின்றன என்று காட்டியது. தேதியும் இடமும் இருந்ததால்தான் இதெல்லாம் முடிந்தது.

இடம் என்றதும் ஒரு சிக்கல். பெரியவர்கள் தாங்களே வைத்த பெயரில் எழுதுவார்கள். அத்தையின் நோட்டில் 'தூங்குமூஞ்சிப் பாறை' என்று அடிக்கடி வருகிறது, எந்த வரைபடத்திலும் அது இல்லை. அது எங்கே என்று தெரிந்தவர்கள், அவரோடு நடந்த இரண்டு மூன்று பேர்தான், அவர்களுக்கும் வயதாகிறது. ஆகையால் நினைவுக் கூட்டம், மலர் எல்லாம் ஆற அமர நடக்கட்டும், முதலில் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய்வாருங்கள், போகிற இடத்தைச் செல்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், நோட்டின் பக்கங்களைக் கிழித்துப் பங்கு போடாதீர்கள். வரிசையாகப் படம் எடுத்து ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பறவைப் பட்டியல்கள் இருந்தால் பறவை பார்ப்பவர்கள் தாங்கள் கண்டதைப் பதியும் இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் பழைய தேதி போட்டே ஏற்றலாம். பைனாகுலரைக் கண்ணாடி அலமாரியில் பூட்டாமல், வீட்டில் எந்தப் பிள்ளை ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருக்கிறதோ அதன் கழுத்தில் மாட்டிவிடுங்கள், கீழே போட்டு உடைத்தாலும் பரவாயில்லை. நோட்டுகளை மட்டும் செடி கொடி, பறவை தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். தூக்கிப் போடத்தான் வேண்டுமென்றால், அவர் பார்த்து முடித்தபின் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓர் அத்தையின் மருமகள்