மைதானத்தைச் சீரமைக்கத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய ஊர்ப் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், விளையாட்டு வீரர்களுக்கும் வணக்கம்.

கோத்தகிரி வட்டாரத்தில் உள்ள எங்கள் ஊரின் விளையாட்டு மைதானம், சீரமைப்புப் பணிகள் முடிந்து ஐப்பசி மழைக்கு முன்பே திறக்கப்பட்டதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். கால்பந்து, வாலிபால், பள்ளி விளையாட்டு விழா, காவலர் தேர்வுக்கான ஓட்டப் பயிற்சி, கண் சிகிச்சை முகாம், பொதுக்கூட்டம் என அனைத்துக்கும் ஊரில் உள்ள ஒரே சமதளம் இதுதான்.

மலைச்சரிவை ஒருபுறம் வெட்டி, அந்த மண்ணையே மறுபுறம் கொட்டி நிரவிய மைதானம் இது. வெட்டிய பகுதி பாறையாக இறுகிக் கிடக்க, நிரவிய பகுதி மழைக்கு மழை அமுங்கி, மேட்டிலிருந்து இறங்கும் நீரெல்லாம் கீழ்ப்புறக் கோல் கம்பத்தின் முன் குளமாகத் தேங்கி நிற்கும். 2009 நவம்பரில் எங்கள் நீலகிரி மாவட்டத்துக் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியதையும், மாவட்டமெங்கும் மண் சரிந்ததையும் கண்டவர்கள் நாங்கள். ஆகவே, வர்ணப் பூச்சும் விளக்கும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் வடிகால் வேண்டும் என்று முடிவு செய்தோம்.

மேட்டு நீரை மறித்துத் திருப்பும் வாய்க்கால், மேலேயுள்ள ஒரு சிறு விவசாயியின் தோட்டத்தின் வழியாகத்தான் செல்ல வேண்டியிருந்தது. பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலை யாவரும் அறிந்ததே. அந்த நிலையிலும், பலன் தந்துகொண்டிருந்த இரண்டு வரிசைச் செடிகளைப் பிடுங்க இசைந்து, இழப்பீடும் வேண்டாம் என்று மறுத்த அக்குடும்பத்தாருக்கே எங்கள் முதல் நன்றி உரியது. பெயரை வெளியிட வேண்டாம் என்பது அவர்களது விருப்பம்.

நீர் நிரப்பிய டியூபைப் பிடித்து அங்குலம் அங்குலமாக மட்டம் பார்த்து, நடுப்பகுதியைச் சற்றே உயர்த்தி ஓரங்களுக்குச் சரிவு அமைத்துத் தந்த ஓய்வுபெற்ற பொறியாளருக்கும், லாரி திரும்ப முடியாத வளைவுகளில் பிக்கப் வண்டிகளில் ஜல்லி ஏற்றிவந்து டீசல் செலவை மட்டும் பெற்றுக்கொண்ட ஓட்டுநர்களுக்கும் நன்றி. கிக்குயு புல்லை மண்ணோடு பெயர்த்தெடுத்து வந்து, ஒவ்வொரு துண்டாகப் பதித்துக் குதிகாலால் மிதித்து அழுத்திய மகளிர் குழுச் சகோதரிகளின் உழைப்பை, கூலிக் கணக்கில் எங்களால் மதிப்பிட இயலவில்லை. மைதானம் திறந்த பின் இரவு முழுவதும் பெய்த மழைக்கு மறுநாளே பள்ளி விளையாட்டு விழா தடையின்றி நடந்தது. கீழ்ப்புறக் கோல் கம்பத்தடியில் நின்ற பிள்ளைகளின் காலணிகளில்கூடச் சேறு ஒட்டவில்லை.

ஒரு வேண்டுகோளும் உண்டு. சந்தை நாட்களில் சிலர் வண்டிகளை உள்ளே கொண்டுவந்து நிறுத்துவதால், புதிதாக வேர் பிடிக்கும் புல்லில் சக்கரத் தடங்கள் விழுகின்றன. அன்புகூர்ந்து இதைத் தவிர்க்க வேண்டும். பார்வையாளர் படிக்கட்டுகளின் பழுதுநீக்கம் மழை ஓய்ந்ததும் தை மாதத்தில் தொடங்கும். இதுவரையான வரவு செலவுக் கணக்கு மைதான வாயிலில் உள்ள பலகையில் ஒட்டப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
மைதானப் பராமரிப்புக் குழுவினர்