அங்கே தென்னை இல்லை, அக்கா

அக்கா,

டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒரே ஒரு டிக்கெட். பினாங்கிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து நேராக லண்டன். செப்டம்பரில் பயணம். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதை எழுதக் கை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அம்மாவின் திவசம் முடிந்த இரவிலிருந்து மூன்று நாளாக இந்தப் பத்தியோடு உட்கார்ந்திருக்கிறேன்.

வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். நீல டிக் விழும், பதில் வராது. ஆனால் இந்த வலைப்பூவை நீ படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். பழைய மஞ்சள் ஃபெர்ரியைப் பற்றி எழுதியபோது அதில் ஒரு தேதி தவறு என்று சின்னம்மாவிடம் சொன்னாயாம். திருத்திவிட்டேன், நன்றி. சின்னம்மாவும் இதைப் படிப்பார். அத்தானும் படிப்பார். அத்தான், வணக்கம். உங்களைப் பற்றி இதில் ஒன்றும் இல்லை.

போன முறை பயணத்தைத் தள்ளிப்போட்டதற்கான காரணம் உனக்கும் எனக்கும் தெரியும், இங்கே எழுதுவது முறையாகாது. அதற்கு முந்தைய முறைக்கான காரணத்தையும் எழுதப்போவதில்லை. இரண்டு தடவையும் “பரவாயில்லை அக்கா” என்றுதான் சொன்னேன். பொய். உன்னிடம் கற்றுக்கொண்டதுதான்.

உன் கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. அம்மாவின் அலமாரியை ஒழித்தபோது எடுத்து வைத்துக்கொண்டேன். கேட்காமல் எடுத்தது என் தப்பு. ஹாரி பாட்டர் படங்கள் எடுத்த இடங்களுக்கு நாம் போகப் போட்ட திட்டம். கட்டம் போட்ட தாளில் இடப்பக்கம் ஊர், வலப்பக்கம் “ஹாரி அங்கே என்ன செய்தான்”. ஆக்ஸ்ஃபர்டில் கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் மாடிப்படி. குளோஸ்டர் தேவாலயத்தின் நடைகூடம். துடைப்பத்தில் பறக்கக் கற்றுக்கொண்ட ஆனிக் கோட்டை. ஸ்காட்லாந்தில் ரயில் போகும் கிளென்ஃபினன் பாலம். அதற்கு “21 வளைவுகள்” என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுப் படம் வரைய ஆரம்பித்திருக்கிறாய். பதினான்காவது வளைவில் தாள் முடிந்துவிட்டது. மீதி ஏழுக்கு ஓர் அம்புக்குறி. ஸ்கேல் வைத்து ஆரம்பித்து வெறும் கையில் முடித்திருக்கிறாய். எட்டாவது வளைவின் மேல் எண்ணெய்க் கறை. என் கையாகத்தான் இருக்கும், முறுக்கு.

கோபித்துக்கொள்ளாதே, உன் திட்டத்தில் சில இடங்கள் தப்பு. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் 9, 10 ஆம் நடைமேடைகளுக்கு இடையே, கதையில் வருவது போல ஓடிப்போய் முட்டுவதற்குச் சுவரே இல்லை, தண்டவாளம்தான் இருக்கிறது. படம் பிடித்தது 4, 5 ஆம் நடைமேடைகளில். திரையில் நாம் வாயைப் பிளந்து பார்த்த அந்தச் செங்கல் அரண்மனை பக்கத்து நிலையமான செயின்ட் பாங்க்ராஸ். பாதி தள்ளுவண்டி சுவருக்குள் புதைந்து நிற்பது நிலையத்தின் கூடத்தில். வரிசையில் நின்று, கழுத்துக்கு ஒரு துண்டு இரவல் வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளலாம். நான் நிற்கமாட்டேன். நீ வந்திருந்தால் இரண்டு மணி நேரம் நின்றிருப்போம்.

நீராவி ரயிலிலும் ஏறப்போவதில்லை. நோட்டில் அதற்கு மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறாய், தெரியும். ஆனால் பாலத்தின் மேல் போகிறவனுக்குப் பாலம் எப்படித் தெரியும்? எதிர்மலையில் ஏறி நின்றால்தான் ரயில் வளைந்து வருவதும் புகையும் 21 வளைவுகளும் ஒன்றாகத் தெரியும். நீ வரையாமல் விட்ட ஏழையும் எண்ணிவிட்டு வருகிறேன்.

உன் நோட்டில் இல்லாத ஓர் இடத்துக்குத்தான் முதலில் போகிறேன். வேல்ஸின் தென்மேற்கு மூலையில் ஃபிரெஷ்வாட்டர் வெஸ்ட் என்று ஒரு கடற்கரை. பெம்ப்ரோக் வரை ரயில், அப்புறம் பஸ். அலைச்சறுக்கு விளையாடுகிறவர்களுக்குப் பேர்போன இடம். நீரோட்டம் பொல்லாதது, குளிக்க இறங்கமாட்டேன், பயப்படாதே. நீ பட்டியல் எழுதிய காலத்தில் அங்கே படப்பிடிப்பு நடந்திருக்கவில்லை. நடந்திருந்தாலும் நீ எழுதியிருக்கமாட்டாய்.

2007 ஜூலை 21, சனிக்கிழமை. கடைசி ஹாரி பாட்டர் புத்தகம் வெளியான நேரம், லண்டனில் நள்ளிரவு தாண்டி ஒரு நிமிடம், நமக்குக் காலை 7:01. பேரங்காடிகள் விலையை அடிமாட்டு அளவுக்கு இறக்கிவிட்டன என்று பெரிய புத்தகக் கடைகள் கோபித்துக்கொண்டு, புத்தகத்தை அடுக்கிலிருந்தே எடுத்துவிட்ட சமயம். கடைக்காரர்களின் சண்டையால் பிழைத்தோம் நாம். 110 வெள்ளிக்கு எங்கே போயிருப்போம்? மைலோ டின்னில் இருந்தது எழுபத்திரண்டு வெள்ளி சொச்சம். அப்பாவின் மோட்டார் சைக்கிளில் மூன்று பேராகப் போனோம் (போலீஸ்காரர் யாராவது படித்தால், அப்பா இப்போது ஓட்டுவதில்லை). அரிசி மூட்டைகளுக்கும் சமையல் எண்ணெய்க்கும் நடுவே மேசை போட்டு அடுக்கியிருந்தார்கள். 69 வெள்ளி 90 காசு. நீ இருபது காசுகளாகக் கொட்டினாய். காசாளர் பெண் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணி முடிக்கும்வரை, பின்னால் மீன் பையோடு நின்ற சீனப் பாட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பையிலிருந்து தண்ணீர் சொட்டி உன் சிலிப்பரை நனைத்தது.

நான் அப்போது தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு, உன் ஆங்கிலத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியாது. நீ ஒரு பக்கத்தை மனத்துக்குள் படிப்பாய், பிறகு தமிழில் சொல்வாய். டிமென்ட்டர் என்பதை ‘உயிருறிஞ்சி’ என்றாய். டோபி என்ற வேலைக்காரக் குட்டிப் பூதத்தை முதலில் ‘குட்டிச்சாத்தான்’ என்றாய். விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தப் பேரைச் சொல்லாதே என்று அம்மா கரண்டியோடு வந்ததும் ‘வீட்டுக்குட்டி’ ஆனது. இன்று வரை ஆங்கிலத்தில் அந்தக் கதை எனக்கு யாரோ மொழிபெயர்த்தது போலத்தான் இருக்கிறது.

அந்த இரவு மழை. வாசல் தகரக் கூரையில் உன் குரலே கேட்கவில்லை. ஒரு பக்கம் படித்தாய், திருப்பினாய், படித்தாய். கதை வரவில்லை. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாய். சமையலறையில் குழாய் வெகுநேரம் ஓடியது. திரும்பி வந்து, டோபி எல்லாரையும் காப்பாற்றிக் கடற்கரை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது, இனி அங்கேயே இருக்கும் என்றாய். ஹாரி மந்திரக்கோலைத் தொடாமல் தன் கையாலேயே மண்வெட்டி பிடித்துக் குழி தோண்டினான் என்றாய்.

“குழி எதற்கு?”

“மரம் நட.”

“என்ன மரம்?”

“மாமரம்.”

“கடற்கரையில் மாமரம் வளருமா?”

“தென்னை. தென்னங்கன்று. தூங்கு.”

2010 நவம்பரில் பள்ளி நண்பர்களோடு படம் பார்த்தேன். ஹாரி மண்வெட்டி எடுத்தான். நான் கன்றுக்காகக் காத்திருந்தேன், அக்கா. பதினான்கு வயதுப் பையன், சோளப்பொரியைக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது கன்றைக் கொண்டுவருவார்கள் என்று. துணியில் சுற்றி எதை இறக்குகிறார்கள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வீட்டுக்கு வந்து உன் புத்தகத்தை எடுத்து அகராதியோடு உட்கார்ந்தேன். ஹாரியின் நண்பன் ரான் தன் காலுறைகளையும் காலணிகளையும் கழற்றி, செத்துப்போன டோபியின் கால்களில் மாட்டிவிடுகிறான். அதையும் நீ சொல்லவில்லை. உன்னிடம் நான் கேட்கவும் இல்லை. கோபம் வரவில்லை. எனக்காக ஒரு சாவையே மாற்றிச் சொன்ன அக்கா வேறு யாருக்கு இருக்கிறாள் என்று பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமை இட்லியோடு முடிந்தது.

“இரண்டு இட்லி சாப்பிட்டார், மூன்றாவதைப் பாதியில் வைத்துவிட்டார்” என்றாய் போனில். நான் கோலாலம்பூரில் பரீட்சைக்கு நடுவில். மூன்று தாள் பாக்கி. அம்மா தண்ணீர் இறங்காமல் நான்கு நாள் ஆகியிருந்தது. அந்த மூன்றாவது இட்லியை எப்போது யோசித்தாய்? போனைக் கையில் எடுத்தபோதா, நான் கேட்ட பிறகா? மாமரத்தைத் தென்னையாக்கியது போல அவ்வளவு சுலபமாகவா வந்தது? இரவுப் பஸ்ஸில் ஈப்போ தாண்டும்போது நீ மறுபடி அழைத்தாய். அதற்கு மேல் எழுத வேண்டாம்.

பதினாறாம் நாள் பந்தியில் எல்லார் காதிலும் விழும்படி உன்னை நான் சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதே ஆட்களில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள் என்பதால்தான் இங்கே கேட்கிறேன். அந்தச் சொல்லைத் திரும்ப எழுதமாட்டேன். நீ எத்தனை இரவு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாய் என்று தெரியாமல் பேசினேன். தெரிந்திருந்தால் வந்திருப்பேன் அல்லவா? பார், மன்னிப்புக் கேட்க உட்கார்ந்தால்கூட இங்கேதான் வந்து நிற்கிறேன். பரீட்சையைத் திரும்ப எழுதலாம், அக்கா. உனக்கு நான் எப்போதும் பதினொரு வயது.

அந்தக் கடற்கரையில், மணல்மேட்டுக்கு அருகே, வருகிறவர்கள் எல்லாரும் கூழாங்கற்களைக் குவித்து டோபிக்கு ஒரு கல்லறை கட்டியிருக்கிறார்கள். இடத்தைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் 2022இல் அதை அகற்றுவதா என்று யோசித்து, இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தது. காலுறையும் சின்னப் பொருள்களும் மட்டும் வைக்காதீர்கள், கல்லில் பூசிய வண்ணம் உதிர்ந்து கடலுக்குள் போகிறது என்று கேட்டுக்கொண்டார்கள். அடியில் யாருமே இல்லாத கல்லறை. அம்மாவை நாம் எரித்தோம். போய் நிற்க ஒரு கல் கிடையாது. லண்டன் வரை போகிறவன் இதற்காகவா என்று சின்னம்மா கேட்டார். ஆமாம் என்றேன். உன்னை ஏன் அழைக்கவில்லை என்றும் கேட்டார். அழைத்திருந்தால் நீ வருகிறேன் என்பாய், ஆகஸ்டில் வர முடியாது என்பாய், அதற்கு எனக்கு ஒரு நல்ல காரணமும் சொல்வாய். நான் நம்பிவிடுவேன்.

காலுறை எடுத்துப் போகவில்லை. வெறுங்கையோடுதான் போகிறேன்.

மைலோ டின்னைத் தேடாதே, சின்னம்மா அதில் ஊசி நூல் போட்டு வைத்திருக்கிறார். அந்தக் கடற்கரையிலிருந்து உனக்கு அழைப்பேன். அங்கே மதியம் பன்னிரண்டரை, உனக்கு இரவு ஏழரை. விளக்கு வைத்து முடித்திருப்பாய். பேச வேண்டாம், எடுத்தால் போதும். தென்னை எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்று மட்டும் கேள். சொல்கிறேன்.

தம்பி